பொறிவண்டுகளுக்கு ஒரு பெயரேடு

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தில் வண்டு, புழு என்று பேச ஒருவர் வந்திருக்கிறாரே என நினைத்து, உங்களிற் சிலர் வானொலிப் பெட்டியை நோக்கி எழுந்திருப்பீர்கள். சற்றுப் பொறுங்கள். நான் தொடங்கப்போவது வண்டிலிருந்து அல்ல. எங்கள் கற்பிட்டியிலே 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டியிலிருந்து.

காசிச்செட்டி பல்கலைக்கழகம் கண்டவர் அல்லர். அக்காலத்தில் இந்த நாட்டில் பல்கலைக்கழகமே கிடையாது. அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் பட்டியல் போட்டவர். 1834இல் அவருடைய இலங்கை அகராதி, அதாவது ‘சிலோன் கசற்றியர்’, வெளிவந்தது. ஊர்கள், ஆறுகள், துறைகள் என்று அகர வரிசையில் அடுக்கிக்கொண்டு போகும் நூல் அது. 1859இல் ‘தமிழ் புளூட்டார்க்’ வந்தது. சுமார் 200 தமிழ்ப் புலவர்களின் பெயரும் சரித்திரமும் அதில் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூலாயினும், தமிழ்ப் புலவர் சரிதங்களுக்கு அதுவே ஒரு தொடக்கம். சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886இல்தான் வருகிறது. காசிச்செட்டி சொன்ன காலக் கணக்குகள் பலவற்றைப் பின்வந்தோர் திருத்திவிட்டார்கள். அதனால் அவருடைய பெருமை குறைந்துவிடவில்லை. இன்னார் இருந்தார், இன்ன நூல் செய்தார் என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால்தான், அந்த நூல் இன்று எங்கே என்று மற்றவர் கேட்க முடியும். எழுதி வைக்காத புலவன் இறந்தான் என்பதுகூட யாருக்கும் தெரியாது. அவன் இல்லாமற் போனவன் அல்லன். இருந்ததே இல்லாதவன் ஆகிவிடுகிறான்.

புலவர்களுக்கு நேர்ந்த இந்தக் கதி பூச்சிகளுக்கும் நேர்கிறது. இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பூச்சி பொறிவண்டு. சிறு பிள்ளைகள் புள்ளிவண்டு என்பார்கள். அரைக் கோளம் போல, கடுகிலும் பெரிது பயறிலும் சிறிது என்று சொல்லக்கூடிய அளவில், சிவப்பிலோ செம்மஞ்சளிலோ கறுப்புப் பொறிகளோடு இருக்கும் அந்த வண்டைப் பார்க்காதவர் இருக்கமுடியாது. கையில் எடுத்தால் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு கசப்பு நீரைக் கக்கும். குருவிகள் அதனை விட்டுவைப்பதற்கு அந்த நீரே காரணம்.

பெயர் விஷயத்தில் ஒரு சிறு எச்சரிக்கை சொல்லவேண்டும். தமிழிலே பூச்சிப் பெயர்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பவை. தருமிக்குப் பொற்கிழி பெற்றுக்கொடுத்த குறுந்தொகைப் பாட்டிலே வரும் தும்பி, தேன் உண்ணும் வண்டு. இன்று நாங்கள் தும்பி என்பது, குளத்தங்கரையில் கண்ணாடிச் சிறகோடு பறக்கும் வேறொன்று. சங்கச் செய்யுள்களில் வரும் மூதாய் என்ற சொல்லுக்குப் பொறிவண்டு என்று பொருள் சொல்லும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அது சரியன்று. மூதாய் என்பது முதல் மழைக்குச் செம்மண்ணில் ஊரும் வெல்வெட்டுச் சிவப்புப் பிராணி. தம்பலப்பூச்சி, இந்திரகோபம் என்பதும் அதுவே. அதற்குக் கால்கள் எட்டு. பொறிவண்டுக்கு ஆறு. பொன்வண்டு இன்னொரு குடும்பம். ஆங்கிலத்திலே இந்தப் பூச்சியின் பெயரில் உள்ள ‘லேடி’ எந்தச் சீமாட்டி என்று கேட்டால், அது கன்னி மரியாள். ஐரோப்பியக் கமக்காரர் தங்கள் பயிரைக் காக்க மாதா அனுப்பிய பூச்சி என்று நம்பியதால் வந்த பெயர். தலவிலயில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் திரளும் எங்கள் கரையோரத்துக் கத்தோலிக்க மக்கள், அன்னம்மாளின் மகளுடைய பெயரில் ஒரு பூச்சி தம் தோட்டத்திலும் இருக்கிறது என்று அறிந்தால் மகிழ்வார்கள் என எண்ணுகிறேன்.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே ஒன்பது புள்ளிப் பொறிவண்டு என்று ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் வயலெங்கும் கண்ட பூச்சி. 1989இல் அதனை அந்த மாநிலத்தின் பூச்சியாகச் சட்டம் இயற்றிப் பிரகடனம் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 1982க்குப் பிறகு அந்த மாநிலத்தில் ஒருவரும் அந்த வண்டைக் கண்டிருக்கவில்லை. இல்லாத ஒருவருக்குப் பொன்னாடை போர்த்திய கதை. எங்கள் இலக்கிய விழாக்களிலும் இது நடப்பதுண்டு, அதை விடுவோம். 2000ஆம் ஆண்டில் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் லூசி என்ற பூச்சியியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ‘தொலைந்த பொறிவண்டுத் திட்டம்’ என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். ஆய்வுகூடத்துப் பத்துப்பேரால் ஒரு நாட்டைத் தேட முடியாது. ஆகவே பொதுமக்களை, முக்கியமாகப் பிள்ளைகளை, வண்டைத் தேடிப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டார்கள். 2006இல் வேர்ஜீனியா மாநிலத்தில் சிறுபிள்ளைகள் இருவர் ஒரு வண்டைக் கண்டெடுத்தார்கள். கிழக்கு மாநிலங்களிலே 14 ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாத அதே ஒன்பது புள்ளி வண்டு. 2011இல் நியூயோர்க்கிலேயே, லோங் ஐலன்ட் தீவில், இரசாயனம் படாத ஒரு தோட்டத்திலே மறுபடியும் அகப்பட்டது.

பிரித்தானியாவில் வேறு விதம். 2004இல் ஆசிய இனமான ஒரு பொறிவண்டு அங்கே வந்து இறங்கியது. அது பரவப் பரவ, நாட்டுக்குரிய இரண்டு புள்ளி வண்டு குறைந்தது. குறைந்தது என்று எப்படித் தெரியும்? ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் இன்ன நாள், இன்ன ஊர், இன்ன வண்டு என்று பல ஆண்டுகளாக அனுப்பிய குறிப்புகள் இருந்தபடியால்தான். ஜேர்மனியின் கிறேபெல்ட் நகரத்துப் பூச்சி ஆர்வலர் சங்கத்தார் பாதுகாக்கப்பட்ட பிரதேசங்களில் 27 ஆண்டுகளாகப் பொறி வைத்துப் பிடித்த பூச்சிகளை நிறுத்துப் பார்த்தபோது, பறக்கும் பூச்சிகளின் நிறை நூற்றுக்கு 75 வீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. 2017இல் இந்தச் செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. சம்பளத்துக்கு வேலை செய்த விஞ்ஞானிகளை விட, வாரக் கடைசிகளில் விருப்பத்துக்கு வேலை செய்தவர்கள் சேர்த்த கணக்கு அது.

இனி எங்கள் கரைக்கு வருவோம்.

நீர்கொழும்பைத் தாண்டி மாஓயாவைக் கடந்தால் புத்தளம் மாவட்டம். வென்னப்புவ, லுணுவில, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல் என்று வடக்கே போகப் போகக் கடலும் தென்னையும் கூடவே வரும். லுணுவிலவிலே பண்டிரிப்புவத் தோட்டத்தில்தான் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1929இல் தென்னை ஆராய்ச்சித் திட்டம் என்ற பெயரில் ஆரம்பிக்கப்பட்டது. தென்னைக்கு வரும் நோய்களும் பீடைகளும் அங்குதான் ஆராயப்படுகின்றன. தென்னோலையின் கீழ்ப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் சில வேளைகளில் மஞ்சட் புள்ளிகளாகச் செதில் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சாற்றை உறிஞ்சி ஓலையை மஞ்சளாக்கும் பூச்சி. பசிபிக் சமுத்திரத்துப் பீஜித் தீவுகளில் இந்தப் பூச்சி தென்னந்தோப்புகளையே அழித்துக்கொண்டு வந்தது. 1928இல் ட்ரினிடாட்டிலிருந்து ஒரு சிறு பொறிவண்டைக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் தென்னை பிழைத்தது. கலிபோர்னியாவின் தோடைத் தோட்டங்களை 1888, 1889ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியப் பொறிவண்டு ஒன்று காப்பாற்றிய சரித்திரம் இன்னும் பெயர்பெற்றது. அதனைத் தேடிக் கொண்டுபோனவர் அல்பர்ட் கேபெலே.

இலங்கையிலே அதே செதில் பூச்சி இருந்தும் பீஜியில் நடந்தது போல் ஏன் நடக்கவில்லை? காரணங்களில் ஒன்று, இங்கே ஏற்கெனவே காவலர்கள் இருந்தார்கள். அவர்களில் முக்கியமான ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்யவேண்டும். கைலோகோரஸ் நைகிரிட்டஸ் என்பது விஞ்ஞானப் பெயர். பளபளக்கும் கறுப்பு. ஒரு புள்ளிகூட இல்லை. தலையோரத்தில் மட்டும் மங்கிய செம்மஞ்சள். பார்த்தால் யாரோ கழற்றிப்போட்ட சட்டைப் பொத்தான் என்பீர்கள். செதில் பூச்சியின் மேலோட்டைக் கடித்துத் திறந்து உள்ளே இருப்பதைத் தின்னும். நமது பிராந்தியத்துக்குச் சொந்தமான இந்த வண்டைச் சீஷெல்ஸ், மொரீசியஸ் போன்ற தீவுகள் விரும்பி வரவழைத்துக்கொண்டன. பிறந்த ஊரிலே அதற்கு ஒரு பேர் இல்லை. என் மாணவி ஒருத்தி தென்னோலையில் அதனைக் கண்டுவிட்டு, “சேர், இதில புள்ளியே இல்லயே, இதுவும் பொறிவண்டா?” என்று கேட்டாள். பொறி இல்லாத பொறிவண்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேயர்கள் எழுதி அனுப்பலாம்.

இந்தச் செதில் பூச்சிகளை ஒருவர் முன்பே பட்டியலிட்டுவிட்டார். கொழும்பிலே பிறந்த ஏர்னஸ்ட் கிறீன் என்ற ஆங்கிலேயர், இலங்கை அரசாங்கப் பூச்சியியலாளராக இருந்தவர், 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக இலங்கைச் செதில் பூச்சிகளைப் பற்றி வர்ணப் படங்களுடன் எழுதினார். பொறிவண்டுகளுக்கும் பெயர்ப் பட்டியல் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த பூச்சியியலாளர் பூரணி, இந்திய உபகண்டத்துப் பொறிவண்டுகளின் பட்டியலை 2002இல் வெளியிட்டார். இலங்கையும் அதில் அடங்கும். ஆனால் பெயர்ப் பட்டியல் வேறு, குடிசன மதிப்பு வேறு. முசலி முதல் மாரவில வரை எந்த ஊரில், எந்தச் செடியில், எந்த மாதத்தில், முன்னை விடக் கூடவா குறைவா என்பதைப் பெயர்ப் பட்டியல் சொல்லாது. அதை ஊரில் இருப்பவர்தான் சொல்லவேண்டும்.

ஏன் இப்போது சொல்லவேண்டும் என்றால், கற்பிட்டிக் குடாநாட்டுக்குப் போய்ப் பாருங்கள். பாலாவியில் திரும்பி, நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கிய நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கியைத் தாண்டிச் சென்றால், இரு பக்கமும் மணல். அந்த மணலிலே மிளகாய், வெங்காயம், கிழங்கு, பீற்றூட், பூசணி, புகையிலை என்று விளையாதது இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு ஒரு பையுடன் வந்து இறங்கிய முஸ்லிம் மக்களிற் பலர் அந்த மண்ணில் கூலிக்கு நின்றும் குத்தகைக்கு எடுத்தும் வாழ்வை மறுபடி கட்டினார்கள். தண்ணீரைப் பிடித்து வைக்காத மணல் அது. ஆகவே அடிக்கடி நீர், அடிக்கடி பசளை, அடிக்கடி மருந்து. போட்டதில் ஒரு பங்கு நேரே கீழிறங்கித் துரவுத் தண்ணீரில் சேர்கிறது. கற்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பது பல ஆய்வுகளில் எழுதப்பட்ட விஷயம்.

மருந்து அடித்தால் அழுக்கணவனும் சாகும், அழுக்கணவனைத் தின்னும் பொறிவண்டும் சாகும். ஆனால் இரண்டும் ஒரே மாதிரித் திரும்பி வருவதில்லை. அழுக்கணவன் ஆணின்றியே குட்டி போடும் சாதி. சில நாட்களில் பெருகிவிடும். வண்டுக்கு முட்டை, புழு, கூட்டுப்புழு என்று வாரக்கணக்கு வேண்டும். அதுவும் தின்ன இரை பெருகிய பிறகே வந்து முட்டையிடும். அந்த இடைவெளிக்குள் கமக்காரர் மறுபடி மருந்துத் தாங்கியைத் தோளில் ஏற்றிவிடுவார்.

இதை மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு கமக்கார நானாவிடம் நான் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நீங்க சொல்றது சரிதான் சேர். ஆனா வண்டு வாற வரைக்கும் நான் பாத்துக்கிட்டு இருந்தா, கடைக்காரன் என்னப் பாத்துக்கிட்டு இருக்கமாட்டானே. விதையும் கடன், பசளையும் கடன்” என்றார். எனக்கு மறுமொழி இல்லை. மறுமொழி எளிது என்று நினைத்தவர்கள் 2021இல் நாட்டுக்குச் செய்ததை நாம் கண்டோம். அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளைக்கும் பீடைநாசினிக்கும் ஒரே இரவில் இறக்குமதித் தடை வந்தது. நவம்பரில் அந்தத் தடையை எடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் விளைச்சல் விழுந்ததுதான் மிச்சம். ஆயத்தமில்லாமல் மருந்தை நிறுத்துவது வண்டுக்கும் உதவாது, மனிதருக்கும் உதவாது. எந்தத் தோட்டத்தில் எத்தனை வண்டு இருக்கிறது என்று தெரிந்தால், இந்தக் கிழமை மருந்து தேவையா, ஒரு கிழமை பொறுக்கலாமா என்று தீர்மானிக்கலாம். அந்த நானாவுக்கு நான் கொடுக்கக்கூடியதாக இருந்தது உபதேசம் அல்ல, அந்தக் கணக்கு. அது என் கையில் இருக்கவில்லை. எவர் கையிலும் இருக்கவில்லை.

சொல்லவேண்டிய இன்னொரு சிக்கலும் உண்டு. பொறிவண்டெல்லாம் நண்பன் அல்ல. கத்தரி, பாகல் இலைகளைச் சல்லடையாக்கும் 28 புள்ளி வண்டு இதே குடும்பத்துப் பிறப்பு. மச்சான் குழப்படிகாரன் என்பதற்காக மாமனார் வீட்டையே பகைப்பது போல, சில தோட்டங்களில் புள்ளி உள்ள எதனையும் நசுக்கிவிடுகிறார்கள். வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம் அல்ல. நல்லது பளபளக்கும். இலை தின்னி மங்கலாக, மெல்லிய மயிர் போர்த்தது போல் இருக்கும். அதன் புழுவுக்கு உடல் முழுவதும் கிளைத்த முள். இரை தின்னும் வண்டின் புழுவோ சின்ன முதலை மாதிரி, கரிய உடலில் செம்மஞ்சள் அடையாளங்களுடன் வேகமாக ஓடும். கூடுதலாகக் கொல்லப்படுவது இந்தப் பாவப்பட்ட புழுதான். தாயை ரசிப்பவர்கள் பிள்ளையைப் புழு என்று மிதிக்கிறார்கள்.

இனித் தேடும் விதம். முன்பெல்லாம் இதற்குப் போத்தல், மருந்து, ஊசி எல்லாம் வேண்டும். பூச்சியைக் கொன்று குத்தி வைக்கவேண்டும். இன்று உயிரோடு விட்டுவிடலாம். கைத்தொலைபேசியில் கமரா இல்லாத வீடு எங்கள் ஊரில் அரிது. காலை வெயில் ஏறுமுன் போங்கள்; அப்போது வண்டு சோம்பலாக இருக்கும். பயற்றைக் கொடியின் நுனிக் கொழுந்தைப் பாருங்கள். தோட்டம் இல்லாதவர்கள் கவலைப்படவேண்டாம். கடற்கரை வெளியில் எருக்கலை எங்கும் நிற்கிறது. அதன் கொழுந்திலே மஞ்சள் அழுக்கணவன் மொய்த்திருக்கும். அதைத் தேடி, முதுகில் வளைந்து வளைந்து கோடு போட்ட ஆறு புள்ளி வண்டு வரும். நெல் வயலென்றால் புள்ளியில்லாத செம்மஞ்சள் வண்டு. தென்னையென்றால் நான் முன் சொன்ன கறுப்பர்.

படம் மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. மேலிருந்து எடுக்கும்போது தலைக்குப் பின்னாலுள்ள கவசமும் தெரியவேண்டும். இனத்தைப் பிரித்துச் சொல்வதற்கு முதுகுப் புள்ளியை விட அந்தக் கவசத்துக் கோலம் பல வேளைகளில் உதவும். வண்டு ஓடிக்கொண்டே இருந்தால் இலையோடு ஒரு கண்ணாடிக் கிளாஸால் மூடிச் சில நிமிடம் நிழலில் வையுங்கள், அடங்கும். உங்கள் கைநிழல் அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐநச்சுரலிஸ்ட் என்ற இணைய ஏடு 2008இல் கலிபோர்னியாவில் மாணவர் சிலரால் தொடங்கப்பட்டது. அதில் படத்தை இட்டால் உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கும் ஒரு வண்டு நிபுணர் பெயர் சொல்லித் தருவார். இணையம் இல்லாதவர்களுக்கு நாற்பது பக்கக் கொப்பி போதும்.

எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் சிலர் அப்படி ஒரு கொப்பி வைத்திருக்கிறார்கள். அதிலே ஒரு பையன், தேடிப்போன நாட்களில் வண்டு அகப்படாதபோது பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தான். ‘ஏன் மகன் எழுதவில்லை?’ என்றேன். ‘ஒண்டும் இல்லயே சேர், எதை எழுத?’ என்றான். அந்த ‘ஒன்றும் இல்லை’யைத்தான் எழுதவேண்டும் என்று சொன்னேன். எருக்கலை, பத்துச் செடி பார்த்தேன், வண்டு இல்லை. இது வெறும் பக்கம் அல்ல. வேறொருவன் இருபது வருடம் கழித்து அதே இடத்தில் நின்று பார்க்கும்போது, இல்லாமையும் ஒரு தகவல். நியூயோர்க்காரர் 1982 என்று அடித்துச் சொல்வதற்கு யாரோ ஒருவர் தேதி போட்டு எழுதி வைத்திருந்ததே காரணம்.

1997இன் கடைசியில் தென்னங்காயைத் தாக்கும் சிற்றுண்ணி இலங்கையில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது எங்கள் கற்பிட்டியில்தான். கண்ணுக்குத் தெரியாத பிராணி. காய்க் காம்பின் கீழே முக்கோண வடிவில் வெளிறி, பின்பு பழுப்புத் தழும்பாகும். சில ஆண்டுகளில் தென்னை முக்கோணம் எங்கும் பரவியது. லுணுவில ஆராய்ச்சி நிலையத்தார், அந்த உண்ணியைத் தின்னும் இன்னொரு உண்ணியைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டார்கள். புதிய பகைவன் முதலில் வந்து இறங்குவதும், அவனுக்கு எதிரான காவலர்கள் நிற்பதும் இந்தக் கரையில்தான் என்பதற்காக இதைச் சொன்னேன். வெண்மூட்டுப்பூச்சி பப்பாசியைத் தாக்கத் தொடங்கிய 2008இலும் இலங்கை ஒரு புதிய பகைவனைக் கண்டது.

நேரம் முடிகிறது. இந்த உரையைக் கேட்டு வண்டு தேடப் புறப்படும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடகீழ்ப் பருவ மழை பெய்து, பயற்றையும் எருக்கலையும் புதுக் கொழுந்து விடும் நாட்களில் தொடங்குங்கள். பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள், ஊகித்து எழுதவேண்டாம். ஊர், திகதி, செடி, எத்தனை செடி பார்த்தீர்கள், கடைசியாக மருந்து அடித்த நாள் தெரிந்தால் அதுவும். படத்தை அழித்துவிடாதீர்கள். வண்டை எடுத்த இலையிலேயே திரும்ப விடுங்கள்.